கென்ட் பட்டணத்துத் தாய்

இந்த ஊர்த் தண்ணீரில் கொஞ்சம் உப்பு உண்டு, சாமி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் வயிறு படுத்தும். உங்களுக்காகக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டச் சொல்லியிருக்கிறேன், தைரியமாகக் குடிக்கலாம். விருந்தாளி வந்து தங்கினால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இத்தனை வருஷமாக அதுதானே என் வேலை.

மேற்றிராணியார் உங்களை எதற்கு அனுப்பியிருக்கிறார் என்று தெரியும். குருப்பட்டம் வாங்கிய ஈரம்கூடக் காயாத ஒரு இளம் சாமியார், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு சொந்த ஊரான பெருமுக்கல்லில் போய் உட்கார்ந்திருக்கிறார். பூசை வைக்க மாட்டேன் என்கிறார். காரணம் கேட்டால், "தேவசகாயம் சாரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்கிறாராம். கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். வேறு யார் சொன்னாலும் கோபமாகச் சொல்வார்கள், கோபத்தில் நியாயம் விட்டுப்போகும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகள் மடத்து வாசலில் கிடந்த பிள்ளை நான். பெற்றவள் யாரென்று தெரியாது. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சகோதரிகள் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தார்கள், பிறகு இங்கிலீஷும் வந்தது, கையெழுத்து அழகாக அமைந்தது. உபதேசியாராக இந்தக் குருமடத்துக்கு அனுப்பினார்கள். தாயில்லாமல் வளர்ந்தவன் உருப்படமாட்டான் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

நான் வந்தபோது இது மடமாகவே இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டோரம் நீளமாக ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு கிணறு, பத்துப் பன்னிரண்டு பையன்கள். பெரிய சாமியார் மொரோ பிரான்ஸ் தேசத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவருடைய ஊர்க்காரர்கள் அனுப்பிக்கொண்டிருந்த உதவி, உலகமெங்கும் வியாபாரம் படுத்த வருஷங்களில் நின்றுபோனது. பையன்களுக்கு இரண்டு வேளையும் கேப்பைக் கூழ்தான். மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குள் போய் உட்கார்ந்திருப்பார்கள். மடத்தை மூடிவிடலாமா என்று மேற்றிராணியார் கேட்டு அனுப்பினார். அன்றைக்கு மொரோ சாமியார் சாப்பிடவில்லை. வெயிலில் நின்று கொட்டகைக்குத் தானே ஓலை வேய்ந்தார், ஒழுங்காக வேயத் தெரியாமல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் எழுத ஆரம்பிப்பது என்று தீர்மானித்தேன்.

முதல் வருஷம் எழுதியதெல்லாம் வீண். குருமடத்தின் தேவைகள், மறைமாவட்டத்தின் நிலைமை என்று எழுதினேன். பதிலே இல்லை. பிறகு ஒருநாள், காய்ச்சலில் கிடந்த ஒரு பையன் லத்தீன் பாடத்தைப் பிதற்றிக்கொண்டிருந்ததை எழுதினேன், அவன் பெயரைப் போட்டு. அதை பெல்ஜியத்தில் ஒரு வேதபோதகப் பத்திரிகை அச்சிட்டது. லியோனிலிருந்தும் லூவேனிலிருந்தும் பாஸ்டன் பட்டணத்திலிருந்தும் ஒரே மாதத்தில் தபால் வந்தது. அப்போது புரிந்தது. மடத்துக்காக யாரும் அழுவதில்லை சாமி. ஒரு பையனுக்காக அழுவார்கள்.

அதன்பின் ஒவ்வொரு பையனுக்கும் கடல் கடந்து ஒரு குடும்பத்தைத் தேடிக்கொடுப்பதே என் தொழிலாகிவிட்டது. அவர்கள் அனுப்பிய படங்களையும் ஜெபமாலைகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கண்டமங்கலம், திருவெண்ணெய்நல்லூர் என்று ஊர் ஊராகப் போவேன். "உன் பிள்ளைக்குச் சீமையிலே சொந்தம் காத்திருக்குது" என்று காட்டுவேன். பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள் என்று எழுதினால் அங்கிருந்து இன்னும் உதவி வந்தது. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிற வண்டிதான் அது. மேற்றிராணியார் மடத்தை மூடுவதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

நீங்கள் கேட்க வந்த அந்த இளம் சாமியார், இருதயராஜ், இங்கே வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில். அப்போது அவன், இப்போது அவர். பழைய கதையைச் சொல்லும்போது அவன் என்று வருகிறது, மன்னியுங்கள். பெருமுக்கல்லில் பண்ணையாட்கள் குடும்பம். தகப்பன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனான். தாய் சின்னக்கண்ணு நாற்று நடுவாள், மல்லாட்டை பிடுங்குவாள், உங்கள் பக்கம் வேர்க்கடலை என்பீர்களே, அது. கூப்பிட்ட வீட்டுக்குப் போவாள். பையனுக்கு நல்ல குரல். பெரிய கண்கள். புகைப்படத்தில் அந்தக் கண்கள் நன்றாக விழுந்தன.

அந்தச் சமயத்தில்தான் பெல்ஜியத்தின் கென்ட் பட்டணத்து மதாம் வெர்மேர்ஷ் எழுதினார். விதவை. துணி ஆலை சொந்தம். ஒரே மகன் முதல் யுத்தத்தில், இருபது வயதில், சேற்றில் விழுந்து செத்தான். உடலும் கிடைக்கவில்லை. "தாயில்லாத பிள்ளை ஒருவன் உங்களிடம் இருந்தால் எனக்குத் தாருங்கள். பிள்ளையில்லாத தாய்க்கும் அவனுக்கும் சர்வேசுரன் கணக்கைச் சரிசெய்யட்டும்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்து எனக்கே கண் கலங்கியது.

ஆனால் ஒரு சங்கடம். எங்கள் பையன்களில் தகப்பன் இல்லாதவர்கள் இருந்தார்கள். தாய் எல்லோருக்கும் இருந்தாள்.

ஒரு வாரம் யோசித்தேன். இருதயராஜின் படத்தை வைத்து, "இவனுடைய தாய் வாந்திபேதியில் இறந்துவிட்டாள்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். யாருக்கும் அதில் நஷ்டமில்லை. சின்னக்கண்ணுக்கு பிரெஞ்சு தெரியாது. கென்ட் பட்டணத்துக்கும் பெருமுக்கல்லுக்கும் நடுவே ஒரு சமுத்திரம் இருந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தக் கட்டடம், அதோ அந்த மச்சு, ஆழமான புதுக் கிணறு, எல்லாம் அந்த வரியில் முளைத்ததுதான். அது முளைத்த பிறகு இங்கே எத்தனை பையன்கள் நனையாமல் தூங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சின்னக்கண்ணு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். பெருமுக்கல்லிலிருந்து நடந்தே வருவாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள், உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டாள். அவித்த மல்லாட்டை துணியில் கட்டியிருக்கும். பையன் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். எனக்கும் ஒரு பிடி தருவாள். அவளை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் மதாமிடமிருந்து கடிதம். மணிலாவில் நடக்கப்போகிற நற்கருணை மாநாட்டுக்குக் கப்பலில் போகிறாராம். வழியில் கொழும்பில் இறங்கி, ரயிலேறி விழுப்புரத்துக்கு வந்து, தன் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவாராம். பொங்கல் சமயம். மொரோ சாமியார் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அவருக்கு இதெல்லாம் தெரியாது சாமி. நாற்பத்திரண்டில் சாகும்வரை தெரியாது. அவரை இதில் சேர்க்காதீர்கள்.

உண்மையை எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுதினால் ஒரு வரியோடு போகாது, மடமே போய்விடும். பத்திரிகையில் எல்லோரும் படிப்பார்கள். மதாம் வருகிற இரண்டு நாள் மட்டும் சின்னக்கண்ணுவை வராமல் செய்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் பையன் இருக்கிறானே. அவனுக்கு பிரெஞ்சு நன்றாக வந்துவிட்டது, பொய் மட்டும் வரவில்லை. மதாம் கட்டிப்பிடித்து "உன் அம்மா எப்படி இறந்தாள் மகனே" என்று கேட்டால், "இறக்கவில்லையே, போன ஞாயிற்றுக்கிழமை வந்தாங்களே" என்பான். ஆகவே பையன் நம்பவேண்டியிருந்தது. பையன் நம்புவதற்கு அவள் போகவேண்டியிருந்தது.

நான் கெட்டவனாக இருந்திருந்தால் அவளை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். நான் அவளுக்கு ஒரு நல்ல வழிதான் காட்டினேன். அப்போது மலாயாவுக்கு ரப்பர்த் தோட்டத்துக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கண்டமங்கலத்தில் பச்சைமுத்து என்று ஒருவன், பெண்சாதி பாஞ்சாலியோடு கிளம்பிக்கொண்டிருந்தான். தனியாக வருகிற பெண்ணைத் தோட்டத்துக்கு எடுக்கமாட்டார்கள். பச்சைமுத்துவின் தங்கை என்று பதிந்துகொள்ள ஆள்கட்டும் கங்காணி ஒத்துக்கொண்டான். அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"சின்னக்கண்ணு, உன் மவன் சாமியாராவப் போறான். சாமியாரோட ஆயி இன்னொருத்தன் கழனியில குனிஞ்சு நாத்து நட்டுக்கினு இருக்கலாமா? நாளைக்கு நாலு பேர் என்னா சொல்லுவாங்க?"

"அதுக்கு என்னா பண்றது ஒவதேசியாரே? எங்களுக்கு வேற என்னா தெரியும்?"

"மலாயாவுக்குப் போ. கொஞ்ச வருசம். தலை நிமிந்து திரும்பி வரலாம். அவன் பட்டம் வாங்கற அன்னிக்கு புதுச் சேலை கட்டிக்கினு முன்னாடி வந்து நிக்கலாம்."

அவள் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அவனுக்கு நல்லதுங்களா?" என்று கேட்டாள்.

"அவனுக்குத்தான் நல்லது."

"அப்டின்னா போறேங்க."

அவ்வளவுதான். நான் வற்புறுத்தவில்லை. பண்ணையாருக்குத் தெரிந்தால் விடமாட்டார், அதனால் ஊரில் யாரிடமும் மூச்சுவிடாதே என்றேன். அதுவும் நியாயமான யோசனைதான், அப்படித்தான் எல்லோரும் போனார்கள். பையனிடம் மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன்.

"ஒரு தபா கிட்ட போய்ப் பாத்துட்டு வந்துர்றேனே."

"நீ அழுவ. நீ அழுதா அவன் அழுவான். படிப்புல மனசு நிக்காது."

"நான் அழமாட்டேங்க."

பையன்கள் சாயங்கால ஜெபத்துக்கு இரண்டிரண்டு பேராகக் கோயிலுக்குப் போவார்கள். அந்த நேரத்தில் ரோட்டுக்கு அந்தப்பக்கம் பனைமரத்தின் பின்னால் நிற்கச் சொன்னேன். நின்றாள். இருதயராஜ் கடைசி வரிசையில், பக்கத்துப் பையனோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனான். சொன்னபடியே அவள் அழவில்லை. மடியிலிருந்து மல்லாட்டை மூட்டையை எடுத்து, "இத குடுத்துடுங்க" என்று என் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

அதைக் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் அம்மா எப்போது வந்தாள் என்று கேட்பான். வீணாக்கக்கூடாது என்று நானே தின்றேன். நன்றாக அவித்திருந்தாள். உப்பு அளவாக இருந்தது.

கப்பல் ஏறிவிட்டார்கள் என்று நாகப்பட்டினத்திலிருந்து தகவல் வந்த பிறகுதான் பையனிடம் சொன்னேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் வாந்திபேதியில் இறந்துவிட்டாள், தொற்றுநோய் என்பதால் உடனே புதைத்துவிட்டார்கள், நான் கூட இருந்தேன் என்றேன். பெருமுக்கல்லிலும் அப்படியே சொன்னேன். சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போன பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஊருக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. "என்னைக் கேட்டாங்களா சார்?" என்றான் பையன். "உன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாள்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கப்பலில் அப்படித்தான் போயிருப்பாள்.

கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றான். நியாயமான ஆசை. விழுப்புரம் கல்லறைத் தோட்டத்துக்கு நான் ஒருநாள் முன்னதாகப் போய்ப் பார்த்து வைத்தேன். சுவரோரமாக, பெயர் இல்லாமல், ஒரு புது மேடு இருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் செத்துக்கிடந்த யாரோ ஒரு ஸ்திரீ என்று வெட்டியான் சொன்னான். மறுநாள் அதைக் காட்டினேன். பையன் குப்புற விழுந்து மண்ணை அணைத்துக்கொண்டான். அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றினான், பெரிய குருமடத்துக்குப் போன பிறகும்கூட விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து ஏற்றினான். நாதியில்லாமல் கிடந்த கல்லறை அது. அதற்கும் ஒரு பிள்ளை கிடைத்தான்.

மதாம் வந்தார். கறுப்புடை உடுத்திய ஒல்லியான அம்மாள். விழுப்புரத்தில் போட் மெயிலிலிருந்து இறங்கும்போதே யார் என்று கேட்காமல் அத்தனை பையன்களுக்கு நடுவே அவனைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் தன் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் முகத்தைத் தடவினார். அவன் அவர் தோளில் சாய்ந்து, செத்த தாய்க்காக அழவேண்டிய அழுகையை எல்லாம் அங்கே அழுதான். தாய் இறந்து எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் கூடையோடு நின்றிருந்த பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் செய்தது சரிதான் என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பொய்யான துக்கத்தில் அப்படி ஒரு ஆறுதல் பிறக்குமா, சொல்லுங்கள்.

அவர் ஊருக்குத் திரும்பிப் போய் நாலு பேரிடம் சொன்னதில் மடத்துக்கு இன்னும் நாற்பது வீட்டார் சொந்தமானார்கள். பிறகு வந்த பையன்களில் சிலருக்கும் தாய் தகப்பன் இல்லாமல் போனார்கள், காகிதத்தில் மட்டும். அவர்களை எங்கும் அனுப்பவேண்டி வரவில்லை. அந்த விஷயமாக யாரும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

சின்னக்கண்ணு மலாயாவிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைப் பிடித்து எழுதச் சொல்லுவாள். என் பெயருக்குத்தான் வரும், மவனிடம் படித்துக் காட்டச் சொல்லி. நானே பதில் எழுதினேன், அவனாக. "அன்புள்ள அம்மாவுக்கு" என்று ஆரம்பிப்பேன். அவனுக்குக் காய்ச்சல் வந்ததை எழுதுவேன், பாட்டில் பரிசு வாங்கியதை எழுதுவேன். எல்லாம் உண்மை. அதே மேசையில் அவன் மதாமுக்கு பிரெஞ்சில் "என் தாயே" என்று எழுதுவான், நான் பிழை திருத்துவேன். சில வாரங்களில் இரண்டும் ஒரே தபாலில் போகும். எனக்கு ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது, விசாரணைக்கு அது தேவையா என்று தெரியவில்லை. அம்மா என்று எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்னால் அப்படி எழுத எனக்கு ஆளில்லை.

நாற்பதாம் வருஷம் மே மாதம் ஜெர்மன்காரன் பெல்ஜியத்துக்குள் புகுந்தான். மதாமின் கடிதம் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. அந்த மழைக்காலத்தில் சின்னக்கண்ணு எழுதினாள். பாஞ்சாலி பிரசவத்தில் செத்துவிட்டாளாம். கண் சரியாகத் தெரியவில்லையாம். கப்பலுக்கு வேண்டியதைச் சேர்த்துவிட்டாளாம், வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாள்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும் சாமி. யாரிடம் மறைக்கவேண்டுமோ அந்த அம்மாளே இல்லை, அப்புறம் இவள் வந்தால் என்ன என்று. நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். யுத்தம் ஒருநாள் முடியுமே என்று நினைத்தேன். பையன் அப்போதுதான் பெரிய குருமடத்தில் தத்துவம் படிக்க ஆரம்பித்திருந்தான், மனசு கலையக்கூடாது என்று நினைத்தேன். அவன் முன்னால் போய் நின்று நான் என்ன சொல்வது என்பதையும் நினைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாகத்தான். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவது என் வழக்கமில்லை.

"அம்மா, இப்போது வராதே. உன்னைப் பார்த்தால் என் மனம் இங்கே தங்காது. நான் குருப்பட்டம் வாங்கும்போது வா. உன் மகன்" என்று எழுதினேன். அவள் வரவில்லை. அவன் பேச்சைத் தட்டமாட்டாள்.

அடுத்த வருஷக் கடைசியில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் புகுந்தான். அதோடு அங்கிருந்து எதுவும் வரவில்லை. நான் அமெரிக்காவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாஸ்டன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிகவும் உதவினார்கள்.

யுத்தம் முடிந்ததும் மதாமின் கடிதம் வந்தது. இருந்தார். பட்டினியில் பாதியாகிவிட்டாராம், ஆலையும் வீடும் போய்விட்டனவாம், ஆனால் தன் பிள்ளை குருவாகிற நாளுக்காகவே பிழைத்திருப்பதாக எழுதியிருந்தார். இந்தத் தை மாதம் இருதயராஜுக்குப் பட்டம் கிடைத்தது. வர அவருக்கு உடம்பில் தெம்பில்லை. உங்களுக்குத் தெரியும், அபிஷேகத் தைலம் பூசிய கைகளை ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். பிறகு அந்தத் துணி தாய்க்குப் போகும், அவள் சாகும்போது அதை அவள் கையில் சுற்றிப் புதைப்பார்கள். "இதை கென்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள் சார்" என்று அவர் என் கையில் கொடுத்தார். அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

பட்டம் கிடைத்து மூன்றாம் வாரம். அவர் என்னோடு இந்த அறையில்தான், மதாமுக்கு அனுப்பப் படங்களைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக, ஒரு கால் வளைந்து. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்கதானா சாமி, சின்னக்கண்ணு மவன்?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான் பச்சைமுத்துங்க. கண்டமங்கலம். மூக்கப் பாத்தவொடனே தெரிஞ்சுது சாமி, அப்டியே ஆயி மூக்கு."

சின்னச் சாமியார் எழுந்து நின்றார். "எங்கம்மாவ உங்களுக்குத் தெரியுமா? எங்க பாத்தீங்க?"

"எங்க பாத்தேனா? மலாயாவுல ஒரே லயத்து வூட்டுலதான இருந்தோம். அப்பால ஜப்பான்காரன் எல்லாரையும் சயாமுக்கு இட்டுக்கினு போனான், ரயிலு ரோடு போட. கண்ணு தெரியாத பொம்பளைங்க, வேணாம்னு கால்ல உயுந்தேன். கேக்கல. நான் கையைப் புடிச்சிக்கினு நடத்திப் போனேன்."

"நீங்க வேற யாரையோ சொல்றீங்க. எங்கம்மா முப்பத்தாறுலயே போய்ட்டாங்க. வாந்திபேதி. விழுப்புரத்துல பொதைச்சிருக்குது."

பச்சைமுத்து அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "வாந்திபேதிதான் சாமி" என்றான் மெதுவாக. "ஆனா நாப்பத்திமூணுல. நாந்தான் பொதைச்சேன். மழையில, மூங்கிக் காட்டுல. 'என் மவன் பட்டம் வாங்கிட்டா போய்ப் பாத்து, வரமுடியாம போச்சின்னு சொல்லு'ன்னாங்க. அவன் வரவேணாம்னு எழுதினதால கோவிச்சிக்கினு வராம இருந்துட்டதா நெனச்சிடப் போறான், அப்டி இல்லன்னு சொல்லுன்னாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கத்தவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன், அவர் குரு அல்லவா. பிறகு கேட்டார்.

"இத்தனை வருசம் நான் யாரு கல்லறைல அழுதேன் சார்?"

"தெரியாது சாமி" என்றேன். உண்மையாகவே தெரியாது.

"அந்தத் துணி?"

"போய்ச் சேர்ந்திருக்கும்."

அங்கியை அவிழ்த்து, மடித்து, இந்த நாற்காலியில் வைத்தார். பச்சைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். குருடரை நடத்துவதுபோல் அவன்தான் அவரை நடத்திக்கொண்டு போனான். மறுநாள் விழுப்புரம் கல்லறைத் தோட்டத்தில், அந்த மேட்டின்மேல் பெயரில்லாத ஒரு சிலுவை நட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இப்போது பெருமுக்கல்லில், இடிந்துபோன அந்தக் குடிசைச் சுவரை எடுத்துக் கட்டுகிறாராம். கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போகிறாராம். தைலம் பூசிய கைகள், சாமி. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை. கொடுத்ததை ஏற்றுக்கொள்வேன். ஆம், அவளை அனுப்பியது நான். அவன் மனதில் அவளைக் கொன்றது நான். பிழைத்து வந்திருக்கக்கூடியவளைத் தடுத்து நிறுத்தியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மேற்றிராணியாரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். மதாமுக்கு இதை யாரும் எழுதவேண்டாம். வயதானவர், அவருக்கு மிச்சமிருப்பது இந்தப் பிள்ளை ஒன்றுதான். தவிர, திருத்தி எழுத அதில் என்ன இருக்கிறது? பையனுக்குத் தாய் இல்லை, அவள் வாந்திபேதியில் இறந்துபோனாள் என்றுதானே எழுதினேன். நிதானமாக யோசித்துப் பாருங்கள் சாமி, இப்போது அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தேதி ஒன்றைத்தான் கொஞ்சம் முன்னதாகப் போட்டுவிட்டேன்.